கூப்பிட்டால் வரும் நிலா, போனால் வராத ராக்கெட்

மன்னார்குடியில் அத்தை வீட்டு மொட்டைமாடி. சித்திரைப் புழுக்கம். ராத்திரி எட்டரைக்குக் கரண்ட் போனது. டிரான்ஸ்ஃபார்மரில் கோளாறாம், வர நேரமாகும் என்று தெருமுனையிலிருந்து தகவல் வந்தது. ஆளுக்கொரு பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டோம். ஒரு சொம்புத் தண்ணீர், கொசுவர்த்திச் சுருள், விசிறிக்குப் பதில் போன வருடத்துக் காலண்டர் அட்டை. வானத்தில் வளர்பிறை நிலா, பாதிக்கு ஒரு விரற்கடை குறைவாக.

பெரியப்பாவின் பேரன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். அவன் கையில் தேங்காய் அளவுக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர். "சித்தப்பா, நிலா, நட்சத்திரம், ராக்கெட்டு, எது வந்தாலும் சரி. ஆளுக்கு ஒரு பாட்டு சொல்லணும். ஏன் பிடிக்கும்னும் சொல்லணும். கடைசியில ஓட்டெடுப்பு" என்றான்.

அட்டைப்படக் கட்டுரைக்கு விஷயம் கிடைக்காமல் ஒரு வாரமாக முழித்துக்கொண்டிருந்தவன் நான். நோட்டுப் புத்தகத்தை எடுக்கவில்லை. எடுத்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் இருந்தவர்கள்: தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற பெரியப்பா. அவருடைய தங்கை, அதாவது என் அத்தை. மாடி போர்ஷனில் குடியிருக்கும் இயற்பியல் டீச்சர். முப்பது வருடமாகக் கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசிக்கும் பக்கத்து வீட்டு அண்ணன். பேரன். நான். மாமா மட்டும் மேலே வரவில்லை. இன்வெர்ட்டர் தயவில் கீழே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பாட்டு அத்தையுடையது. பிள்ளைக்குச் சோறூட்டும்போது நிலாவை ஓடி வரச் சொல்வார்களே, அதே பாட்டு. பேரன் சிரித்துவிட்டான். "அதெல்லாம் கணக்குல வராது பாட்டி. அது பாட்டே இல்ல."

"ஏன் வராது? உங்கப்பன் அந்தப் பாட்டுல ஒரு கும்பா சோறு தின்னவன்டா!"

டீச்சர் அத்தை பக்கம் சேர்ந்துகொண்டார். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் உண்டு, அதில் ஒன்று அம்புலி என்றார். குழந்தையோடு விளையாட நிலாவைக் கூப்பிடுவதுதான் அந்தப் பருவத்தின் வேலை. சும்மா கூப்பிட்டால் வருமா? சாமம், பேதம், தானம், தண்டம் என்று அரசியலில் உள்ள நாலு உபாயத்தையும் கவிஞர் நிலாவிடம் காட்டுவார். நீயும் குழந்தையும் ஒன்று என்று கொஞ்சுவார். குழந்தை உன்னைவிட உசத்தி என்று சீண்டுவார். வந்தால் இன்னின்னது தருவேன் என்பார். கடைசியில் வராவிட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டுவார். பிள்ளைக்கவிக்கு அம்புலி புலி என்று புலவர்களே பயந்த இடம் அது. பெரியாழ்வார் கண்ணனுக்காக இதே நிலாவை விடாமல் கூப்பிட்டிருக்கிறார்.

ஆக, நம் ஊரில் விண்வெளிப் பாட்டு தொடங்குவதே நிலாவை மிரட்டிக் கீழே இறக்குவதில்தான். அன்றைக்கு மொட்டைமாடியில் எனக்குப் பிடிபட்டது இது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டையும் இந்த ஒரே கேள்வியோடுதான் கேட்டேன்: இதில் நிலா இறங்கி வருகிறதா, ஆள் ஏறிப் போகிறானா?

*1969: இரண்டு பையன்கள்*

பெரியப்பா யோசிக்கவே இல்லை. "அடிமைப் பெண். 'ஆயிரம் நிலவே வா'. வேற எதுக்கும் என் ஓட்டு கிடையாது."

படம் வெளியானது 1969 மே 1. கே.வி.மகாதேவன் இசை, புலமைப்பித்தன் பாட்டு. பி.சுசீலாவோடு சேர்ந்து பாடிய புதுப் பையனுக்கு வயது 22. பாட்டுக்கு ஒப்பந்தமான நேரத்தில் அவருக்கு டைபாய்டு வந்துவிட, வேறு ஆளைப் போடாமல் எம்.ஜி.ஆர். காத்திருந்த கதையை எஸ்.பி.பாலசுப்ரமணியம் பிற்காலத்தில் மேடைதோறும் சொன்னார். தமிழ்நாடு அந்தக் குரலுக்குப் பழகியது அந்தப் பாட்டில்தான்.

பெரியப்பாவுக்கு அப்போது 14 வயது. "ரேடியோவுல எங்க திருப்புனாலும் இதான். அப்படி இருக்கறப்ப ஒரு நாள் காலைல பள்ளிக்கூடம் போற வழியில டீக்கடையில கூட்டம். என்னன்னா, நிலாவுல ஆளு இறங்கிட்டானாம்."

அது ஜூலை 21, திங்கட்கிழமை. ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தபோது நம் கடிகாரத்தில் காலை 8.26. தமிழ்நாட்டில் அப்போது டி.வி. கிடையாது, சென்னைத் தொலைக்காட்சி நிலையமே 1975 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. அமெரிக்கா பார்த்ததை நாம் கேட்டோம். அந்த வகையில் பெரியப்பா தலைமுறைக்கு நிலாப் பயணமும் ரேடியோவில் வந்த ஒரு பாட்டு மாதிரிதான்.

"அன்னிக்கு சாயங்காலம் எங்கம்மா கிணத்தடியில நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. 'அங்க ரெண்டு பேரு நிக்கிறாங்களாடா'ன்னு கேட்டுச்சு. வந்துருப்பாங்கம்மான்னேன்."

பெரியப்பா சொன்னது தப்பு; பாட்டி கேட்டதுதான் சரி. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவை விட்டுக் கிளம்பியது நம் நேரப்படி அன்றிரவு 11.24-க்கு. மன்னார்குடிக் கிணற்றடியிலிருந்து பாட்டி பார்த்தபோது இருவரும் அங்கேதான் இருந்தார்கள். இதைச் சொன்னதும் பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக அம்மாவுக்குத் தப்பான பதில் சொல்லி வைத்திருக்கிறோமே என்ற முகம்.

இனி பேரனின் முறை. அவன் போட்டது டேவிட் போவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி'. லண்டனில் வெளியான தேதி 1969 ஜூலை 11. அடிமைப் பெண் வந்து பத்தே வாரம். போவிக்கும் வயது 22!

ஒரே வருடம், ஒரே வயது, இரண்டு பேருக்கும் பேர் வாங்கித் தந்த பாட்டு. இங்கே ஒருவர் ஆயிரம் நிலாவைக் கீழே வரச் சொல்கிறார். அங்கே ஒருவர் மேஜர் டாம் என்கிற ஆளை மேலே அனுப்புகிறார், அந்த ஆள் திரும்பி வரவே இல்லை. கூப்ரிக்கின் '2001' படத்தைப் பார்த்த பாதிப்பில் போவி எழுதியது அது. பாட்டில் முனகிக்கொண்டே ஒரு சத்தம் வருமே, அது ஸ்டைலோஃபோன். பேனா மாதிரி ஒரு குச்சியால் தொட்டு வாசிக்கிற, பொம்மைக் கடைச் சாமான் போன்ற ஒரு கருவி. உலகமே ராக்கெட்டைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்த வாரத்தில், ராக்கெட்டில் போனவன் காணாமல் போகும் பாட்டைப் பையன் ஒருவன் கொண்டுவந்து வைக்கிறான் என்றால் தைரியம்தான்.

"சரி, உனக்கு ஏன்டா பிடிக்குது, ஆளு செத்துப்போற பாட்டு?" என்றார் பெரியப்பா.

"செத்தான்னு பாட்டுல இல்ல தாத்தா. லைன் கட்டாயிடுது. அவ்வளவுதான்."

"அதத்தான் நாங்க தபாலாபீஸ்ல 'விலாசதாரர் இல்லை'ன்னு எழுதுவோம்."

பேரனுக்குப் போவி பாடியதைவிட 2013-ல் கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு பாடியதுதான் உசத்தி. சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து, கையில் நிஜ கிட்டாரோடு, ஜன்னலுக்கு வெளியே நிஜ பூமி சுற்ற, மிதந்துகொண்டே பாடிய வீடியோ அது. ஒரு விஷயம் கவனியுங்கள். ஹாட்ஃபீல்டு வார்த்தைகளை மாற்றிவிட்டார். அவர் பாட்டில் ஆள் பத்திரமாக வீடு திரும்புகிறான். நிஜமாகவே மேலே போனவனுக்குக் காணாமல் போகும் பாட்டு வாயில் வரவில்லை.

ரஷ்யர்களும் இதில் நம் கட்சிதான். 1983-ல் 'செம்லியானே' என்ற குழு பாடிய ஒரு பாட்டு அங்கே வெகு பிரபலம். 2009-ல் அதை விண்வெளித் துறையின் அதிகாரபூர்வப் பாட்டாகவே ஆக்கினார்கள். அதில் விண்வெளி வீரனின் கனவில் வருவது ராக்கெட் நிலையத்துச் சத்தம் இல்லை. வீட்டுப் பக்கத்துப் புல். 2025-ல் நம் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பிய நாளில் அவர் தேர்ந்தெடுத்துக் கேட்டது ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'ஸ்வதேஸ்' படப் பாட்டு. ஒரு வண்டியில் காற்றாட ரோட்டில் போகிற பாட்டு! ராக்கெட்டில் ஏறப் போகிறவனுக்கு ரோடுதான் வேண்டியிருக்கிறது.

தமிழ் சினிமா ஆம்ஸ்ட்ராங்கை லேசில் விடவில்லை. 'ரட்சகன்' படத்தில் வைரமுத்துவின் காதலன், நிலவைத் தொட்டது அந்த ஆளா நானா என்று உரிமைக் கோர்ட்டுக்கே போகிறான். அவன் தொட்டதாகச் சொல்லும் நிலா எது என்று உங்களுக்கே தெரியும். 28 வருடம் கழித்தும் நாம் அந்தச் சாதனையை ஒப்புக்கொள்ளவில்லை.

*சம்பளத்துக்கு ராக்கெட் ஓட்டுகிறவன்*

பேரன் அடுத்து எல்டன் ஜானின் 'ராக்கெட் மேன்' போட்டான். 1972. இதைத் தயாரித்த கஸ் டஜன்தான் 'ஸ்பேஸ் ஆடிட்டி'யையும் தயாரித்தவர். மூன்று வருடத்தில் இரண்டு பேரை விண்வெளிக்கு அனுப்பிய புண்ணியவான். பாட்டை எழுதிய பெர்னி டாப்பினுக்கு யோசனை கிடைத்தது ரே பிராட்பரியின் சிறுகதையிலிருந்து.

அந்தக் கதையை நான் படித்திருக்கிறேன். அத்தைக்குச் சொன்னேன். அப்பா ராக்கெட் ஓட்டுகிறவர். மூன்று மாதம் வேலை, மூன்று நாள் வீடு. வீட்டுக்கு வந்தால் தோட்டத்தில் மண்ணைக் கிளறுவார், வானத்தை அண்ணாந்து பார்க்க மாட்டார். மறுபடி ஆசை வந்துவிடும், கிளம்பிவிடுவார். அவர் ஏதாவது ஒரு கிரகத்தில் இறந்துபோனால் அந்த வெளிச்சம் வானத்தில் தெரியும் ராத்திரிகளில் தன்னால் வெளியே வர முடியாது என்று மனைவிக்குப் பயம். கடைசியில் அவர் விழுந்தது சூரியனில். அப்புறம் அம்மாவும் மகனும் பகல் முழுக்கத் தூங்குகிறார்கள். மழை பெய்து சூரியன் மறைந்த நாளில்தான் வெளியே போகிறார்கள்.

அத்தை காலண்டர் அட்டையை வீசுவதை நிறுத்திவிட்டார். "இது துபாய்க்காரன் கதைல்ல" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அந்தப் பாட்டுக்கு விமர்சனம் எழுத என்னால் முடியாது. மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தவர், இல்லை இருப்பவர். மாமா 1986-லிருந்து 14 வருடம் துபாய். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. வந்ததும் கொல்லையில் வாழைக்கு மண் அணைப்பார். எல்டன் ஜான் பாட்டில் வரும் ஆளும் சாகசக்காரன் இல்லை. வேலைக்குப் போகிறவன், பிள்ளை வளர்க்கத் தோதில்லாத ஊரில் மாட்டிக்கொண்டவன். ராக்கெட்டை எடுத்துவிட்டு ஏர்-இந்தியா விமானத்தை வைத்தால் பாட்டில் ஒன்றும் குறையாது.

கிட்டார் அண்ணன் இதுவரை வாயே திறக்கவில்லை. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். 'இளைய நிலா'. 1982, 'பயணங்கள் முடிவதில்லை', இளையராஜா. கிட்டாரை அவர் கொண்டுவரவில்லை. இடது கை விரல்களை வலது முழங்கையில் பதித்து, வலது கையால் தொடையில் அந்தத் தொடக்கத்தை மீட்டினார். கட்டைவிரல் கீழே இறங்க, மற்ற மூன்று விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே. சத்தமே இல்லை. இருந்தாலும் அத்தனை பேருக்கும் கேட்டது.

"முப்பது வருசத்துல இந்தப் பாட்டு எத்தன தடவ வாசிச்சிருப்பேன்னு தெரியாது தம்பி. ஒருத்தன்கூட நிலாவப் பத்திக் கேட்டதில்ல. அந்த கிட்டாரப் போடுங்கம்பான். நான் என்ன நெனைக்கிறேன்னா, வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே நிலா வந்துடுது. அதுக்கப்புறம் பாலு சார் வந்து அதுக்குப் பேரு மட்டும் வெக்கிறாரு."

மேடையில் வாசிக்கும்போது போகஸ் லைட் கண்ணில் அடிப்பதால் தனக்கு வானமே தெரியாது என்பது அவர் குறை. வெட்டவெளிக் கச்சேரியில் பௌர்ணமி நாளில் நிலாவைப் பார்த்துக்கொண்டே இதை ஒரு முறை வாசிக்க வேண்டுமாம். இன்னும் கொடுத்து வைக்கவில்லை.

நிலாவே பேசிக்கொண்டிருக்கிறோமே, நட்சத்திரம் எங்கே என்று டீச்சர் கேட்டார். நல்ல கேள்வி. நம் பாட்டுகளில் நட்சத்திரம் துணை நடிகர்தான். கண்ணுக்கு உவமை, பூவுக்கு உவமை, அதோடு சரி. நமக்கு நட்சத்திரம் என்றால் அர்ச்சனைத் தட்டோடு குருக்களிடம் சொல்கிற விஷயம். அதை விட்டால் கல்யாணத்தில் அருந்ததி; அதையும் பட்டப்பகலில் கூரையைப் பார்த்துத் தெரிகிறது தெரிகிறது என்று தலையாட்டிவிட்டுப் பந்திக்குப் போகிறோம். சின்ன வயதில் சாயங்காலம் ஒற்றை நட்சத்திரத்தைப் பார்க்கக் கூடாது என்று இரண்டாவதைத் தேட விட்டதோடு பயிற்சி முடிந்தது. நம் பிள்ளைகளின் முதல் நிலாப் பாட்டு தமிழில். முதல் நட்சத்திரப் பாட்டு எல்.கே.ஜி.யில், இங்கிலீஷில். ஜேன் டெய்லர் என்கிற இங்கிலாந்துப் பெண் 1806-ல் வெளியிட்ட கவிதை, மெட்டு பிரான்சிலிருந்து. நட்சத்திரமே நீ யார் என்று கேட்கிற பாட்டு. நாமோ நிலாவிடம் யார் என்று கேட்டதே இல்லை. மாமா என்று கூப்பிடுகிறவர்கள் எதற்குக் கேட்கப் போகிறோம்?

டீச்சரின் சொந்தத் தேர்வு யாரும் எதிர்பாராதது. டீப் பர்ப்பிள். புடவையும் கண்ணாடியுமாக நாலு வருடமாக மாடிப்படி ஏறி இறங்குகிறவரிடமிருந்து அந்தப் பெயர் வந்ததும் பேரன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"கல்பனா சாவ்லாவாலதான்" என்றார். அரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா அந்த ராக் குழுவின் தீவிர ரசிகை. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலத்தில் போனபோது அவர்களின் சிடிக்களைக் கையோடு கொண்டுபோனார். விண்கலத்தில் இருப்பவர்களைக் காலையில் பாட்டுப் போட்டு எழுப்புவது நாசாவின் பழைய வழக்கம். கல்பனாவுக்காக ஒரு நாள் ஒலித்தது டீப் பர்ப்பிளின் 'ஸ்பேஸ் டிரக்கிங்'. விண்வெளியில் லாரி ஓட்டுகிற மாதிரி அடாவடியான பாட்டு. விண்வெளிப் பாட்டை விண்வெளியிலேயே கேட்ட ரசிகை. பிப்ரவரி 1-ம் தேதி, தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருக்கையில், கொலம்பியா சிதறியது. குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் மோர்ஸ் அப்புறம் ஓர் இசைத் துண்டு அமைத்தார். 'தொடர்பு அறுந்தது' என்று தலைப்பு. அதில் வார்த்தையே கிடையாது.

பேரன் தேடிப் போட்டான். வெறும் கிட்டார். பக்கத்து வீட்டு அண்ணன் தொடையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அது முடிந்ததும் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. டீச்சரே மாற்றினார்: இப்போது மேலே தெரிகிற பிறையைக் காட்டி, "ஆம்ஸ்ட்ராங் இறங்கினப்பவும் இதே மாதிரி நிலாதான். 2023 ஆகஸ்ட் 23-ல சந்திரயான்-3 இறங்கினப்பவும் இதே மாதிரிதான்" என்றார். அரை நிலாவுக்கு ஓரிரு நாள் முன்பு. தற்செயல் இல்லையாம். இரண்டும் இறங்கியது நிலாவின் கிழக்குப் பாதியில். இரண்டுக்கும் அங்கே அப்போதுதான் விடிந்திருக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங் குழுவுக்குப் பள்ளம் மேடு காட்ட நீளமான காலை நிழல் தேவைப்பட்டது. நம் விக்ரம் லேண்டருக்குச் சூரிய மின்சாரம் தேவைப்பட்டது. நிலாவில் ஒரு பகல் என்றால் நமக்குப் பதினாலு நாள். அந்தப் பகுதியில் விடிகிறபோது இங்கிருந்து பார்த்தால் நிலா இப்படித்தான் இருக்கும். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், சந்திரயான்-1-க்கு மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடி. நிலாவைக் கூப்பிட்ட ஊர்க்காரர்கள்தான் நிலாவுக்கு அனுப்பவும் செய்தார்கள். ஆனால் அதைப் பற்றி நம்மிடம் உருப்படியாக ஒரு பாட்டு இல்லை. 2018-ல் வந்த 'டிக் டிக் டிக்' முழுக்க விண்வெளிப் படம். அதிலும் ஊர் வாயில் நின்றது இமான் இசையில் அப்பா மகனைக் கொஞ்சுகிற பாட்டுதான். மறுபடி பிள்ளை, மறுபடி கொஞ்சல். அம்புலிப் பருவத்தை விட்டு நாம் நகரவே இல்லை என்று எனக்குத் தோன்றியது. குறையாகச் சொல்லவில்லை.

*தங்கத் தட்டும் பானாசோனிக் கேசட்டும்*

பெரியப்பாவுக்குத் தோற்கப் பிடிக்காது. "எம்.ஜி.ஆரு அப்பவே விண்வெளிக்குப் போயிட்டாருடா" என்று ஆரம்பித்தார். 'கலை அரசி', 1963. எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. கதையைக் கேட்டதும் வேடிக்கை போய்விட்டது. வேறொரு கிரகம். அங்கே விஞ்ஞானம் உச்சத்தில், கலைதான் கிடையாது. பாட்டுச் சொல்லித்தர ஆள் தேடி அவர்கள் பூமிக்கு வருகிறார்கள். பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எம்.ஜி.ஆர். பின்னாலேயே போய் மீட்கிறார். விண்வெளிக்காரன் நம் ஊருக்கு வருவது தங்கத்துக்காகவோ தண்ணீருக்காகவோ இல்லை, ஒரு நல்ல பாடகிக்காக!

பதினாலு வருடம் கழித்து, 1977-ல், அமெரிக்கா இதையே திருப்பிச் செய்தது. அவர்கள் வந்து தூக்கிப் போவதற்கு முன் நாமே அனுப்பிவிட்டோம். வாயேஜர் விண்கலம் இரண்டிலும் தங்க முலாம் பூசிய செம்பு இசைத்தட்டு. கார்ல் சேகன் தலைமையில் ஒரு குழு தேர்ந்தெடுத்த 27 இசைத் துண்டுகள்: பாக், பீத்தோவன், சக் பெர்ரி, 1927-ல் பதிவான, வார்த்தை இல்லாமல் முனகுகிற பிளைண்டு வில்லி ஜான்சன். இந்தியாவிலிருந்து ஒரே ஒரு குரல், கோவாவில் பிறந்த கேசர்பாய் கேர்க்கர். பைரவி ராகம், மூன்றரை நிமிடம். வாயேஜர்-1 கிளம்பியது செப்டம்பர் 5. பதினொரு நாள் கழித்து, 16-ம் தேதி, கேசர்பாய் காலமானார். அவர் குரல் இப்போது 2,500 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கிறது, வினாடிக்கு 17 கிலோமீட்டர்.

அதே தட்டில் 55 மொழிகளில் வணக்கம் உண்டு. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. ஆயிரக்கணக்கான வருடமாகப் பேச ஆளில்லாத சுமேரியன்கூட உண்டு. தமிழ் இல்லை.

மொட்டைமாடியில் கொந்தளிப்பு. பெரியப்பா ஒரு கண்டனத் தீர்மானம் போடுகிற அளவுக்குப் போய்விட்டார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவசரத்துக்குக் கிடைத்த ஆட்களை வைத்துப் பேசவைத்தது, சதி ஒன்றும் இல்லை என்று டீச்சர் சமாதானம் செய்தார். அதே 1977-ல் இங்கே கண்ணதாசன் 'பட்டினப் பிரவேச'த்துக்கு வரிக்கு வரி 'லா'வில் முடித்து நிலாவைப் பாடிக்கொண்டிருந்தார், அதையாவது போட்டிருக்கலாம் என்பது பெரியப்பாவின் வாதம். இதற்கு நான் என் ஓட்டைப் போட்டேன்.

"பாட்டு மட்டுமாடா அனுப்புனாங்க?" என்றார் அத்தை.

இல்லை பாட்டி என்று பேரன் அடுக்கினான். மழைச் சத்தம், இடி, தவளை, பூச்சி, நாய், ரயில், டிராக்டர், சிரிப்பு, முத்தம், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தும் அம்மா.

"நாங்களும் அனுப்புனோம்ல."

மாமா துபாயிலிருந்து முதல் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டர். அடுத்த தடவை அவர் போனதும் அத்தை ஒரு கேசட் பதிவு செய்தாராம். லெட்டரில் எழுத வராததைப் பேசி அனுப்புவது அப்போது தெருவெங்கும் வழக்கம். அறுபது நிமிட கேசட். முதலில் மாமனார் விசாரிப்பு, நெல் விலை. அப்புறம் மகன் திருக்குறள் சொன்னது, பாதியில் மறந்தது. பசு கத்தியது, அது பேசுகிற ஆளை மறைத்துவிட்டது. ராஜகோபால சுவாமி கோயில் மணி, அது ஜன்னல் வழியாகத் தானாக வந்தது. குக்கர் விசில். மகள் அழுதது. "அத அழிச்சிடலாம்னு பாத்தேன், அழிக்கத் தெரியல." இடம் மிச்சம் இருந்ததால் கடைசியில் ரேடியோ பக்கத்தில் மைக்கை வைத்து ஒரு நிலாப் பாட்டு.

"எந்தப் பாட்டு அத்தை?"

"அது எதுக்கு உனக்கு, பத்திரிகையில போடவா?"

கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது கொடுத்துவிட்டார். எட்டு மாதம் பதில் இல்லை. பிறகு வேறொருவர் கையில் அதே கேசட் திரும்பி வந்தது. மாமா ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பின்பக்கத்தில் இவரும் ஏதோ பாட்டைப் பதிந்து அனுப்பியிருந்தார்.

பேரன் ஓட்டெடுப்பை மறந்துவிட்டான். ஸ்பீக்கரில் கேசர்பாயைப் போட்டான். பழைய பதிவின் இரைச்சலுக்குள்ளிருந்து கணீரென்று ஒரு குரல். அத்தைக்கு இந்தி தெரியாது. "என்ன கேக்குறா?"

"'ஜாத் கஹாங் ஹோ'. எங்கே போறேன்னு கேக்குறாங்க பாட்டி."

"யாராவது பதில் சொன்னாங்களாமா?"

"இப்ப அதுகிட்ட இங்கேருந்து ஒரு ஹலோ சொன்னாலே போய்ச் சேர ஒரு நாள் ஆகும். ஒளி வேகத்துல."

"ஒரு நாள்தானே" என்றார் அத்தை. எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே குனிந்தார்.

"ஏங்க, அந்தக் கேசட்ட எங்க வெச்சீங்க?"

டி.வி. சத்தம் குறைந்தது. "எந்தக் கேசட்டு?" என்றார் மாமா.